முன் பிரேக் பேட் 11,000 கி.மீ.யில் காலி, டிஸ்க்கும் உதறுது: மலை இறக்கத்தில் லோடு அடிக்கும் பிக்கப்

#1 மலைக்காய்கறி_லோடு

வண்டி சிங்கிள் கேப் பிக்கப். முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம், ஏபிஎஸ் (பிரேக் புடிச்சா சக்கரம் பூட்டாம தடுக்கிறது) கிடையாது. ஓடினது 41,000 கி.மீ. ஊட்டி, குன்னூர், மேட்டுப்பாளையம் ரூட்டில் வாரத்துக்கு அஞ்சு டிரிப். இறங்கும்போது கழுவின கேரட் ஒன்றரை டன், ஏறும்போது பெரும்பாலும் காலி. லோடுக்காக பின்னாடி ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலா போட்டிருக்கு.

முன் பேட் (டிஸ்க்கைக் கவ்வித் தேயற துண்டு) 11,000 கி.மீ.க்கு மேல நிக்கிறதில்ல. மூணு பிராண்ட் மாத்தியாச்சு. 28,000-ல ரெண்டு டிஸ்க்கும் புதுசு போட்டாச்சு. இப்போ அதுவும் 60-க்கு மேல பிரேக் புடிச்சா ஸ்டீயரிங் உதறுது. பின் லைனர் (டிரம்முக்குள்ள உரசித் தேயறது) மட்டும் கம்பெனியில வந்ததே இன்னும் ஓடுது, பார்த்தா புதுசு மாதிரி இருக்கு.

கழட்டினப்போ மீதி இருந்த பேட் கனம்: இடது சக்கரம் உள் பேட் 2 மி.மீ., வெளி பேட் 6 மி.மீ. வலது சக்கரம் உள்ளும் வெளியும் 3 மி.மீ.

எங்க இருந்து ஆரம்பிக்கணும்?

#2 டிரம்_லைனர்

பின்னாடி இருந்து ஆரம்பிங்க. 41,000 கி.மீ. மலை இறங்கின வண்டியில பின் லைனர் புதுசு மாதிரி இருக்குன்னா அது சந்தோஷப்படுற விஷயம் இல்லைங்க. பின் பிரேக் தன் பங்கு வேலையைச் செய்யலை, முழுச் சுமையும் முன் டிஸ்க் தலையில விழுதுன்னு அர்த்தம். அதனாலதான் மூணு பிராண்ட் மாத்தியும் அதே 11,000.

காலி பிக்கப்பில் பின் ஆக்சில் மேல பாரம் கம்மி, அப்போ முன் பிரேக் அதிகம் செய்யறது சரி. ஒன்றரை டன் ஏத்தினதும் கணக்கு தலைகீழா மாறிடும், மொத்தப் பாரத்துல பாதிக்கு மேல பின் ஆக்சிலில் உட்காரும். அந்த நிலையில பின் டிரம் சும்மா சுத்தினா முன் பேட் பாவம் என்ன செய்யும்?

பின் பிரேக் சோம்பேறியாக நாலு காரணம் இருக்கு. லைனருக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமாகி, அதைத் தானா சரிபண்ணுற ஆட்டோ அட்ஜஸ்டர் துரு புடிச்சு நின்னுபோறது ஒண்ணு. லைனரைத் தள்ளுற வீல் சிலிண்டர் பிஸ்டன் இறுகிப்போறது ரெண்டு. ஆக்சில் ஆயில் சீல் கசிஞ்சு லைனர் எண்ணெய் குடிக்கிறது மூணு. நாலாவது, உங்க விஷயத்துல நான் முதல்ல சந்தேகப்படுறது, லோடுக்கு ஏத்த மாதிரி பின் பிரேக் அழுத்தத்தை மாத்துற லோடு சென்சிங் வால்வு. கூடுதல் பட்டை போட்டேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அதைத் தனியா விவரமா எழுதறேன்.

இடது பக்கம் உள் 2, வெளி 6-ங்கிறது வேற நோய். ஸ்லைடு பின் (பேடை அழுத்துற காலிப்பர் நழுவி நகர்ற ஊசி) இறுகியிருக்கு. ரெண்டையும் கலந்துக்க வேண்டாம்.

#3 லேத்_பட்டறை

டிஸ்க்கைத் தூக்கி எறியும் முன் மூன்று அளவு எடுத்துச் சொல்லுங்கள்.

1. கனம். மைக்ரோமீட்டரில், வெளி ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே, சுற்றிலும் எட்டு இடங்களில். வெர்னியர் வேண்டாம், ஓரத்தில் நிற்கும் விளிம்பின் மேல் உட்கார்ந்து பொய் சொல்லும். எட்டு அளவுகளுக்கு இடையே 0.02 மி.மீ. வித்தியாசம் இருந்தாலே உதறல் வர அது போதும்.

2. டிஸ்க்கின் தொப்பிப் பகுதியிலோ ஓரத்திலோ குறைந்தபட்சக் கனம் வார்ப்பிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் பேச்சே இல்லை, மாற்ற வேண்டியதுதான்.

3. ஆட்டம். டயல் கேஜை நக்கிளில் (சக்கரத்தைத் தாங்கும், சுற்றாத பாகம்) நிறுத்தி, எல்லா நட்டையும் வாஷர் வைத்து முறுக்கி, டிஸ்க்கை ஒரு சுற்று சுற்றுங்கள். 0.1 மி.மீ.க்கு மேல் ஆடினால் எந்த வண்டிக்கும் அதிகம். 0.05-க்குள் இருந்தால் நிம்மதி.

“டிஸ்க் வளைந்துவிட்டது” என்று பட்டறைகளில் சொல்வதில் பெரும்பாலும் டிஸ்க் வளைந்திருக்காது. ஹப் (டிஸ்க் மாட்டும் சக்கர மையம்) முகத்தில் துரு இருக்கும். அதைச் சுரண்டாமல் புது டிஸ்க்கை மாட்டுவார்கள். டிஸ்க் ஒரு மயிரிழை சாய்ந்து உட்காரும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடை உரசும். சில ஆயிரம் கி.மீ.யில் அந்த இடம் மட்டும் தேய்ந்து கன வித்தியாசம் உண்டாகும். அதன் பிறகுதான் உதறல். அதனால்தான் புது டிஸ்க் போட்ட அன்று நன்றாக இருந்து, போகப் போக உதற ஆரம்பிக்கிறது. உங்கள் புது டிஸ்க்குக்கும் இதுவே நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் ஒரே மூச்சில் இறுக்குவதும் இதே கெடுதலைச் செய்யும். நட்டைக் குறுக்கு நெடுக்காக மூன்று சுற்றில், கடைசிச் சுற்றை டார்க் ரென்ச்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்), வண்டிப் புத்தகம் சொல்லும் அளவுக்கு இறுக்க வேண்டும்.

#4 மலைக்காய்கறி_லோடு

ஹப் முகத்தை யாரும் சுரண்டினதா ஞாபகம் இல்லை. நட்டு எப்பவும் காற்றுத் துப்பாக்கிதான். அளவு எடுத்துப் போடறேன்.

#5 உதிரி_கடை

பேடை அவ்வளவு சுலபமாக விட்டுவிட வேண்டாம். பேட் ஓரத்திலோ பின் தகட்டிலோ அச்சடித்த எண் வரிசையின் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்து இருக்கிறதா பாருங்கள். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு, இரண்டாவது எழுத்து கடும் சூட்டில் உராய்வு. ஈ என்றால் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. எஃப்ஈ என்று இருந்தால் சூடானதும் பிடிப்பு குறையும் பேட் என்று பொருள். மலை இறக்கத்தில் லோடு அடிப்பவருக்கு அது ஆகாது. எஃப்எஃப் அல்லது அதற்கு மேல் வாங்குங்கள்.

இந்த எழுத்து பிடிப்பைத்தான் சொல்லும், எத்தனை கி.மீ. ஓடும் என்பதைச் சொல்லாது. அதைத் தேய்மான உத்தரவாதம் மாதிரி சொல்லி விற்றால் நம்பாதீர்கள்.

லோடு வண்டிக்கு செமி மெட்டாலிக் பேட்தான் பொருத்தம். கொஞ்சம் சத்தம் போடும், கொஞ்சம் கருப்புத் தூள் கொட்டும், ஆனால் சூட்டைத் தாங்கும். விலை குறைவான ஆர்கானிக் பேடில் பொருளை ஒட்டிவைக்கும் பிசின் சூட்டில் கருகி, பேட் பொடிப்பொடியாக உதிரும். விலையை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

#6 கணக்கு_பார்ப்போம்

உதிரிக் கடைக்காரர் சொல்வது சரி, ஆனால் சூடு எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டால் பேட் பிராண்டு இரண்டாம் கேள்வி ஆகிவிடும்.

வண்டியும் சரக்கும் சேர்த்து 3,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை உயர வித்தியாசம் சுமார் 1,500 மீட்டர். 3,000 × 9.8 × 1,500 என்றால் சுமார் 44 மெகாஜூல். ஒன்றேகால் லிட்டர் டீசலை எரித்தால் வரும் சூட்டுக்கு இது கிட்டத்தட்டச் சமம். டயர் உருளும் எதிர்ப்பும் காற்றும் இதில் நாலில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி 33 மெகாஜூலை எஞ்சினும் பிரேக்கும்தான் பங்கு போட்டாக வேண்டும், வேறு வழியே இல்லை. மூன்றாவது, இரண்டாவது கியரில் இறங்கினால் பெரும்பகுதியை எஞ்சின் எடுத்துக்கொள்ளும். நாலாவதில் இறங்கினால் பெரும்பகுதி பிரேக்குக்குப் போகும். நியூட்ரல் என்றால் முழுவதும் பிரேக்குக்கு.

சமவெளியோடு ஒப்பிடுங்கள். இதே வண்டியை 60 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்தினால் 0.42 மெகாஜூல்தான். 33 மெகாஜூலும் பிரேக்கில் போனால் 60-லிருந்து 79 தடவை நிறுத்தியதற்குச் சமம், அதுவும் ஆறுவதற்கு நேரமில்லாமல்.

டிஸ்க் 250, 300 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பேட் தேயும் வேகம் சட்டென்று எகிறும். டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருந்தால் அந்தச் சூட்டைப் பார்த்துவிட்டது என்று அடையாளம்.

#7 சமவெளி_டிரைவர்

நியூட்ரல்ல இறங்கினா டீசல் மிச்சம்னுதானே எல்லாரும் சொல்றாங்க? ஒரு டிரிப்புக்கு அரை லிட்டர் மிச்சமானா பேட் காசு வந்துடாதா?

#8 கணக்கு_பார்ப்போம்

வராது, மிச்சமும் ஆகாது. காமன் ரெயில் டீசல் எஞ்சினில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டால், சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும். இன்ஜெக்டர் டீசலை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் தன்னைத்தானே ஓட்டிக்கொள்ள ஐடில் டீசல் எரிக்கும். ஆக, இறக்கத்தில் நியூட்ரல்தான் அதிகம் டீசல் குடிக்கும்.

எஞ்சினை அணைத்து இறங்குவது அதைவிட மோசம். டீசல் வண்டியில் பெடலை இலகுவாக்கும் பூஸ்டருக்கு வாக்குவம் தருவது எஞ்சின் சுற்றும் பம்ப். அணைத்துவிட்டால் இரண்டு, மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல் மாதிரி ஆகிவிடும். கொண்டை ஊசி வளைவில் அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

#9 கொல்லி_70

கொல்லிமலை 70 வளைவானாலும் கல்லட்டி 36 வளைவானாலும் முறை ஒண்ணுதான். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். முழு லோடுன்னா அதுக்கும் ஒண்ணு கீழே. கியரை இறக்கம் ஆரம்பிக்கும் முன்னாடியே போட்டுடணும், நடுவழியில வேகம் ஏறின பிறகு கீழ் கியர் விழாது.

பெடல் மேல காலை லேசா வெச்சுக்கிட்டே இறங்கறதுதான் பேடைக் கொல்லும். 25 போதும்னா வண்டி 30 தொடட்டும், அப்புறம் அழுத்தமா மூணு நாலு செகண்ட் புடிச்சு 22-க்கு இறக்கி, காலை முழுசா எடுத்துடணும். விட்ட நேரத்துல டிஸ்க்குக்குக் காத்து கிடைக்கும், பேட் விலகி நிக்கும். தொட்டுக்கிட்டே வந்தா பேடும் டிஸ்க்கும் ஒட்டியே கிடந்து காத்தே போகாது.

ஒரு மிதிக்கு ரெண்டாவது மிதி பெடல் கீழ போற மாதிரி தெரிஞ்சா உடனே ஓரம் கட்டுங்க. பிரேக் ஆயில் கொதிக்க ஆரம்பிச்சிருக்கு. தண்ணி ஊத்தி ஆத்தாதீங்க, சூடான டிஸ்க் வெடிக்கும். அரை மணி நேரம் அப்படியே நிறுத்துங்க, சக்கரத்துக்குக் கட்டை வைங்க, ஹேண்ட் பிரேக் போடாம கியர்ல நிறுத்துங்க.

#10 உதிரி_கடை

பிரேக் ஆயில் பேச்சு வந்ததால் ஒன்று. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில் கொதிக்கும், ஈரம் குடித்த பிறகு 140. டாட் 4 புதிதில் 230, ஈரம் குடித்தால் 155. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். நீலகிரி மழை, மூடுபனிக்கு வருடம் ஒருமுறை என்று வைத்துக்கொண்டாலும் தப்பில்லை. டாட் 3 போட்ட வண்டிக்கு டாட் 4 போடலாம். டாட் 5 சிலிக்கான், அதை மட்டும் கலக்கக் கூடாது. மூடி திறந்து மாதக்கணக்கில் அலமாரியில் இருந்த டப்பாவை ஊற்றாதீர்கள்.

#11 டிரம்_லைனர்

சொன்னபடி லோடு வால்வு பத்தி.

பின் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவுல ஒரு கம்பியோ ஸ்பிரிங்கோ போய் ஒரு வால்வுல சேரும். லோடு ஏறினா சேசிஸ் தாழும், ஆக்சில் கிட்ட வரும், கம்பி நெம்பும், வால்வு திறந்து பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் போகும். காலியா இருந்தா சேசிஸ் உயர்ந்திருக்கும், வால்வு பின் அழுத்தத்தைக் குறைக்கும், ஈர ரோட்டுல பின் சக்கரம் பூட்டிக்கிட்டு வண்டி சுழலாம இருக்க. பல மாடல்ல ஏபிஎஸ், ஈபிடி (முன் பின் பிரேக் விசையைப் பங்கிடுற மின்னணு முறை) வந்த பிறகு இந்த வால்வை எடுத்துட்டாங்க. உங்க வண்டியில இருக்கணும்.

கூடுதல் பட்டை போட்டதும் என்ன ஆகும்? ஒன்றரை டன் ஏத்தியும் சேசிஸ் பழைய அளவுக்குத் தாழாது. வால்வுக்குத் தராசு ஒண்ணும் கிடையாது, அது பார்க்கறது உயரத்தை மட்டும்தான். வண்டி காலியா இருக்குன்னு அது நினைச்சுக்கும், பின் பிரேக்குக்கு அழுத்தத்தை வெட்டும். முன் பேட் மட்டும் மாடா உழைக்கும். பட்டை கட்டற இடத்துல இதை யாரும் சொல்றதில்ல, அதுதான் வருத்தம். பட்டை கட்டினா வால்வு கம்பியையும் சரிபார்க்கணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எத்தனையோ வண்டிக்கு டிஸ்க் மிச்சம்.

கீழ படுத்துப் பாருங்க. கம்பி இருக்கா, வளைஞ்சிருக்கா, புஷ் இருக்கா, பிவட் துரு புடிச்சு அசையாம நிக்குதா. கையால நெம்பினா வால்வு லீவர் அசையணும், விட்டா திரும்பணும். ஆயில் கசிஞ்ச ஈரம் இருந்தா வால்வு மாத்தணும்.

சில இடத்துல லீவரை முழு லோடு நிலையில கம்பி போட்டுக் கட்டி விட்டுடறாங்க. லோடுல நல்லா புடிக்கும். காலியா மழையில குன்னூர் ஏத்தத்துல இருந்து திரும்பி இறங்கறப்போ பின்னாடி பூட்டிக்கிட்டு வண்டி குறுக்கே நிக்கும். உயிர் போற வேலை, செய்யவே கூடாது.

சரியான வழி: கம்பெனி மேனுவல்ல காலி வண்டிக்கு லீவர் உயரமோ கம்பி நீளமோ மி.மீ.ல கொடுத்திருப்பாங்க. முன் லைன்ல ஒண்ணு, பின் லைன்ல ஒண்ணு பிரஷர் கேஜ் மாட்டி, முன்னாடி இத்தனை வந்தா பின்னாடி இத்தனை வரணும்ங்கிற அட்டவணையை வெச்சு செட் பண்ணணும். பட்டை கூட்டின வண்டிக்கு அந்த மி.மீ. அளவு பொருந்தாது, கேஜ் வெச்சுத்தான் ஆகணும். இல்லைன்னா பட்டையை எடுத்துட்டு வண்டிக்கு எழுதின பாரத்தை மட்டும் ஏத்துங்க.

#12 பழைய_ஸ்பேனர்

லோடு வால்வு உள்ள வண்டியில் எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சேசிஸில் ஜாக்கி வைத்து, ஆக்சில் தொங்க விட்டு, பெடலை மிதிக்கச் சொல்லி, பின் சக்கரம் பிடிக்கிறதா என்று கையால் சுற்றிப் பார்ப்பார்கள். ஆக்சில் தொங்கினால் வால்வு வண்டியைக் காலி என்று எடுத்துக்கொள்ளும், அந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. ஏர் எடுக்கும்போதும் (பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றும்போதும்) இதே தொல்லை, பின்னாடி ஏர் வராமல் மாட்டிக்கொள்ளும். ஜாக்கியை ஆக்சிலுக்கு அடியில் வையுங்கள், அல்லது வண்டி தன் சக்கரத்திலேயே நிற்கட்டும்.

ஓட்டிப் பார்ப்பதானால் ஒரு இன்ஃப்ராரெட் வெப்பமானி போதும். சமவெளியில் லோடோடு ஐந்து கி.மீ., நடுவில் ஏழெட்டு முறை மிதமாக நிறுத்துங்கள். ஓரம் கட்டியதும் நாலு சக்கரத்தையும் அளக்க வேண்டும். பளபளப்பான டிஸ்க் முகத்தில் பிடித்தால் கருவி குறைத்துக் காட்டும். டிஸ்க்கின் துருப்பிடித்த வெளி ஓரத்திலும் டிரம்மின் வெளிப்புறத்திலும் பிடியுங்கள். டிரம் டிஸ்க்கைவிடக் குறைவாகத்தான் இருக்கும், அது இயல்பு. ஆனால் டிரம் வெயிலில் நின்ற வண்டி அளவுக்கே இருந்தால் பின் பிரேக் வேலை செய்யவில்லை. ஒரே ஆக்சிலில் இடதும் வலதும் 30 டிகிரிக்கு மேல் விலகினால் சூடான பக்கம் இழுக்கிறது, அல்லது ஆறிய பக்கம் பிடிக்கவில்லை.

இப்போது இடது உள் பேட். ஸ்லைடு பின் வேலை:

காலிப்பரைக் கழற்றிக் கம்பியில் தொங்க விடுங்கள், ஹோஸில் தொங்கக் கூடாது. இரண்டு பின்னையும் இழுத்து எடுங்கள். ஒரு பின்னில் நுனியில் ரப்பர் புஷ்ஷோ தட்டையான முகமோ இருக்கும், இன்னொன்று வெறும் உருளை. எது மேலே, எது கீழே என்று குறித்துக்கொள்ளுங்கள், மாற்றினால் மறுபடி இறுகும். துளையைத் துணி சுற்றிய கம்பியால் துடையுங்கள். பின்னில் குழி விழுந்த துரு இருந்தால் உப்புத்தாள் போடாமல் புதுப் பின் வாங்குங்கள்.

டீசல், பெட்ரோல், மண்ணெண்ணெய் எதுவும் இங்கே வரக் கூடாது. அவை பிரேக் ரப்பரை ஊதவைத்துவிடும், இறுகுவதற்குப் பாதிக் காரணம் பட்டறை டீசல் டப்பாதான். பிரேக் கிளீனர் போதும். சேசிஸ் கிரீஸும் வேண்டாம். சிலிக்கான் காலிப்பர் கிரீஸ், ஒரு பின்னுக்கு ஒரு கிராம். அதிகம் அப்பினால் காற்று அடைபட்டுப் பின் உள்ளே போகாது. பின்னை மூடும் ரப்பர் பூட் கிழிந்திருந்தால் மாற்றாமல் மூடாதீர்கள்.

பேட் உட்காரும் பிராக்கெட்டில் எஃகு கிளிப்பைக் கழற்றி, அடியில் வீங்கிய துருவைச் சுரண்டி வெள்ளை உலோகம் தெரிய வையுங்கள். பேட் கையால் தள்ளினால் நழுவ வேண்டும். சுத்தியலால் தட்டி ஏற்றும் பேட் திரும்பி வராது.

பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிளீடரை (ஆயிலும் காற்றும் வெளியேற்றும் திருகு) திறந்து, குழாய் வைத்துப் பழைய ஆயிலை வெளியே விடுங்கள். பிஸ்டன் கையளவு விசைக்கு நகராவிட்டால் சீல் கிட் போட வேண்டும்.

#13 சமவெளி_டிரைவர்

பிரேக் முதல்ல நல்லா இருக்கு, இருபது கி.மீ. ஓடினதும் பெடல் மேல வந்து கெட்டியாகுது, வண்டி இழுக்குது, ஆறினா சரியாகுது. இதுவும் ஸ்லைடு பின் இறுகறதுதானா?

#14 பழைய_ஸ்பேனர்

இல்லை, இது அழுத்தம் உள்ளேயே மாட்டிக்கொள்வது. பெடலை விட்டதும் மாஸ்டர் சிலிண்டரில் (பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக்கும் பாகம்) ஒரு சின்னத் துளை திறந்து, சூட்டில் விரிந்த ஆயிலை டேங்குக்குத் திருப்பிவிட வேண்டும். பூஸ்டர் புஷ் ராடு இடைவெளி இல்லாமல் செட் செய்திருந்தாலோ, பிரேக் லைட் ஸ்விட்ச் பெடலை முழுதாகத் திரும்ப விடாமல் தள்ளினாலோ, அந்தத் துளை மூடியே கிடக்கும். பேட் மாற்றிய கையோடு யாராவது ஸ்விட்சைத் தொட்டார்களா, தரைப் பாய் பெடலில் மாட்டுகிறதா, முதலில் அதைப் பாருங்கள்.

இழுக்கும் நேரத்திலேயே கண்டுபிடிக்க ஒரு வரிசை உண்டு. வண்டியைச் சமதளத்தில் நிறுத்திக் கட்டை வைத்து, இழுக்கும் சக்கரத்தைத் தூக்குங்கள். மாஸ்டர் சிலிண்டர் பைப் நட்டை ஒரு நூல் தளர்த்துங்கள். சக்கரம் விட்டால் குறை மாஸ்டரிலோ அதற்கு முன்னாலோ. விடவில்லை என்றால் ஹோஸுக்கு முன்னால் உள்ள பைப் நட்டைத் தளர்த்துங்கள். அப்போதும் விடாமல் பிளீடரைத் திறந்ததும் விட்டால், ஹோஸ் உள்ளே சதை பிரிந்து அடைத்திருக்கிறது, வெளியே பார்க்கப் புதிதாகவே தெரியும். பிளீடர் திறந்தும் விடவில்லை என்றால் பிஸ்டன், ஸ்லைடு பின், பேட், அந்த மூன்றில்தான். முடிந்ததும் ஏர் எடுக்காமல் வண்டியை நகர்த்தக் கூடாது.

#15 கடலோர_வண்டி

மலை இல்லாத ஊர்லயும் இதே தேய்மானம் உண்டு. மீன் லோடு வண்டிகள். ஐஸ் உருகின உப்புத் தண்ணி பெட்டியில இருந்து ஒழுகி நேரா பின் ஆக்சில், டிரம், பிரேக் பைப், லோடு வால்வு கம்பி மேல விழும். அட்ஜஸ்டரும் வால்வு பிவட்டும் சீக்கிரமே கட்டியாயிடும். அப்புறம் முன் பேட் மட்டும் தேயும், காரணம் தெரியாம பேடைத் திட்டுவாங்க.

லோடு இறக்கினதும் அடியில நல்ல தண்ணி அடிச்சுக் கழுவுங்க. கழுவின பிறகு நாலு தடவை பிரேக் புடிச்சு டிரம்மைக் காய வைக்காம நிறுத்தாதீங்க. ராத்திரி ஹேண்ட் பிரேக் போட்டு விட்டா காலையில லைனர் டிரம்மோட ஒட்டிக்கிட்டு நிக்கும். கட்டையும் கியரும் போதும். பின் பைப்ல துரு செதில் விட ஆரம்பிச்சா மாத்திடுங்க, பேட் தேயறதுக்கும் பைப் வெடிக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு.

#16 மலைக்காய்கறி_லோடு

அளவு எடுத்தாச்சு.

டிஸ்க் கன வித்தியாசம் இடது 0.03, வலது 0.01 மி.மீ. குறைந்தபட்சக் கனத்துக்கு மேல ரெண்டும் 1.4 மி.மீ. மீதி. இடது ஆட்டம் 0.13, ஹப்பைச் சுரண்டி மறுபடி மாட்டினதும் 0.04.

லோடோட சமவெளிச் சோதனை: முன் இடது 188, முன் வலது 151, பின் இடது 47, பின் வலது 49 டிகிரி. வெயில் 34.

வால்வு லீவர் அசையுது. ஆனா லோடு ஏத்தின பிறகும் கம்பி கிட்டத்தட்ட காலி வண்டி நிலையிலதான் நிக்குது. டிரம்மைக் கழட்டினா ரெண்டு அட்ஜஸ்டர் நட்சத்திரமும் சுத்தலை. வலது லைனர்ல எண்ணெய்.

இடது கீழ் ஸ்லைடு பின் வெளியே வரவே மாட்டேங்குது.

#17 டிரம்_லைனர்

கண்ணாடி மாதிரி தெரியுது. பின்னாடி ரெண்டும் 50-ஐத் தாண்டலை.

எண்ணெய் பட்ட லைனரை எரிச்சோ பெட்ரோல்ல கழுவியோ திரும்பப் போடாதீங்க. எண்ணெய் உள்ளே ஊறியிருக்கும், சூடானா மறுபடி வெளிய வரும். ரெண்டு பக்கமும் சேர்த்து மாத்துங்க, ஒரு பக்கம் மட்டும் மாத்தினா வண்டி இழுக்கும். ஆயில் சீல் போடும் முன்னாடி ஆக்சில் மேல இருக்கிற பிரீதரை (உள் காத்து வெளிய போற சின்ன வழி) பாருங்க. அது சேறு அடைச்சிருந்தா சூட்டுல உள் அழுத்தம் ஏறி, புது சீலையும் தள்ளிக்கிட்டு எண்ணெய் வரும். சீல் மாத்தி மாத்தி சலிச்சுப்போற வண்டியில பாதிக்கு இதுதான்.

டிரம் வரலைன்னா சுத்தியலால அடிக்காதீங்க. பெரும்பாலான டிரம்ல எட்டு மி.மீ. போல்ட்டுக்கு ரெண்டு மரைத் துளை இருக்கும், ரெண்டையும் மாத்தி மாத்தி அரைச் சுத்து முறுக்கினா டிரம் தானா வெளிய வரும். தூளைக் காத்து அடிச்சு ஊதாதீங்க, பழைய லைனர்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால துடைங்க.

அட்ஜஸ்டரைக் கழட்டி மரையைக் கம்பி பிரஷ்ல சுத்தம் பண்ணி, அதிகச் சூடு தாங்குற கிரீஸை மெல்லிசா தடவுங்க. இடது வலது மரை எதிரெதிர், மாத்திப் போட்டா இறுக வேண்டியது தளரும். டிரம் போட்டுக் கையால சுத்தினா லேசா உரசற சத்தம் கேட்கணும், தடுக்கக் கூடாது. ஹேண்ட் பிரேக் கேபிளை இதுக்குப் பிறகுதான் செட் பண்ணணும். முதல்லயே கேபிளை இழுத்து வெச்சா அட்ஜஸ்டர் வேலை செய்யாது.

வால்வைக் கேஜ் வெச்சிருக்கிற இடத்துக்குக் கொண்டு போங்க, அல்லது அந்தப் பட்டையை இறக்கிடுங்க. ரெண்டுல ஒண்ணு செய்யாம புது பேட் வாங்காதீங்க.

#18 பழைய_ஸ்பேனர்

வராத பின்னுக்குச் சூடு காட்டினால் ரப்பர் எல்லாம் போய்விடும். பிராக்கெட்டைக் கழற்றி வைஸில் பிடித்து, துருப்போக்கி எண்ணெய் ஊற்றி ஒரு இரவு விட்டு, ஸ்பேனரால் இடமும் வலமும் சுழற்றிச் சுழற்றி இழுங்கள். அப்படியும் வராவிட்டால் பிராக்கெட்டோடு மாற்றுவதுதான் லாபம்.

#19 லேத்_பட்டறை

இடது டிஸ்க்கில் 0.03-க்குத் தோலைச் சீவினால் போதும், பக்கத்துக்கு 0.1 மி.மீ. எடுத்தாலும் 1.2 மீதி இருக்கும். வலதையும் அதே அளவு சீவுங்கள். லேத்தில் டிஸ்க்கைப் பிடிக்கும்போது ஹப்பில் உட்காரும் முகத்தைத்தான் ஆதாரமாக வைக்கச் சொல்லுங்கள், வெளி வட்டத்தைப் பிடித்துச் சீவினால் ஆட்டத்தைச் செதுக்கி வைத்தது போல் ஆகும். கடைசியில் 120-ஆம் எண் உப்புத்தாளைக் குறுக்காக ஓட்டி, சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து மாட்டுங்கள். ஓரம் வரை ஓடும் விரிசல் கண்ணில் பட்டால் சீவ வேண்டாம், டிஸ்க்கையே மாற்றுங்கள்.

புது பேட் போட்டதும் நேராகக் கேரட் ஏற்றக் கூடாது. காலி வண்டியில், சமவெளியில், 60-லிருந்து 10 வரை மிதமாகப் பத்து முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் அரை கி.மீ. ஓட்டம். முழுதாக நிறுத்திப் பெடலை அழுத்தியபடி நிற்காதீர்கள், சூடான பேட் அந்த ஒரே இடத்தில் அச்சாக ஒட்டும், உதறல் திரும்ப வரும். பிறகு பத்து கி.மீ. பிரேக் அதிகம் தொடாமல் ஓட்டி ஆற விடுங்கள். பின் லைனரும் புதிது என்பதால் முதல் இரண்டு டிரிப் பாதி லோடு போதும். லைனர் டிரம்மின் வளைவுக்கு உட்காரச் சில நூறு கி.மீ. ஆகும், உட்கார்ந்ததும் இடைவெளியை ஒருமுறை மறுபடி பாருங்கள்.

#20 மலைக்காய்கறி_லோடு

பட்டையை இறக்கியாச்சு, லோடு 1.2 டன்னோட நிறுத்தியாச்சு. லீவர் உயரம் மேனுவல் அளவுக்கு செட். பின் லைனர், சீல், இடது பிராக்கெட் புதுசு. பிரீதர் அடைச்சுத்தான் இருந்தது. 600 கி.மீ. ஓடின பிறகு அதே சமவெளிச் சோதனை, லோடு மட்டும் இப்போ 1.2 டன்: முன் இடது 128, முன் வலது 124, பின் இடது 83, பின் வலது 86.

பேட் கனத்தை எத்தனை கி.மீ.க்கு ஒருமுறை அளக்கணும்?

#21 டிரம்_லைனர்

மலை ரூட்டுக்கு 5,000 கி.மீ.க்கு ஒருமுறை. உள் பேட், வெளி பேட் ரெண்டையும் தனித்தனியா எழுதி வைங்க. சக்கரத்து ஓட்டை வழியா வெளி பேடை மட்டும் எட்டிப் பார்த்துட்டு சரியா இருக்குன்னு விட்டா இடது பக்கம் நடந்ததுதான் மறுபடி நடக்கும். 3 மி.மீ. வந்தா மாத்துங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் 2 மி.மீ. தாண்டினா பேட் மாத்தறதுக்கு முன்னாடியே ஸ்லைடு பின்னைக் கழட்டுங்க. அன்னைக்கு சக்கரம் மாட்டின பிறகு 100 கி.மீ. ஓடினதும் நட்டு டார்க் ஒருமுறை பாருங்க, சுரண்டின ஹப் முகம் கொஞ்சம் படியும்.

பின் டிரம்மை 20,000-க்கு ஒருமுறை திறங்க. லைனர் தேஞ்சிருக்கணும்.